வைக்கோல் கன்றைப் பார்த்துப் பசு ஏன் சுரக்கிறது? நரம்பும் ஹார்மோனும் பிரியாத இடம்

கன்று செத்துப்போன பசுவின் முன்னால், வைக்கோல் அடைத்த கன்றுத் தோலை நிறுத்திப் பால் கறக்கும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. பசு அதை முகரும், நக்கும். சற்று நேரத்தில் மடி இறுகும், காம்புகள் விடைக்கும், கறப்பவர் செம்போடு உட்கார்ந்துவிடுவார். தோலும் வைக்கோலும் சேர்ந்த அந்தப் பொம்மை மடியைத் தொடுவதுகூட இல்லை. கண்ணிலும் மூக்கிலும் பட்ட சேதி எந்த வழியாக மடிக்கு வந்து சேர்ந்தது? இந்தக் கேள்வியைத் துரத்திப் போனால், பள்ளிக்கூடத்தில் 'நரம்பு மண்டலம்' என்றும் 'நாளமில்லாச் சுரப்பிகள்' என்றும் தனித்தனியாக நாம் படித்த இரண்டு பாடங்களும் உடலுக்குள் ஒரே பாடமாக இருப்பது தெரியவரும்.

பசுவின் மடியில் பால் இரண்டு இடங்களில் நிற்கிறது. காம்புக்கு மேலே உள்ள பெரிய அறையில் ஒரு பகுதி. மடி முழுவதும் பரவிக் கிடக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணறைகளில் மீதி. பெரிய அறையில் தேங்கியிருப்பது மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. காம்பை இழுத்தவுடன் வருவது அது மட்டும்தான். மற்ற நான்கு பங்கும், நுண்ணறைகளைச் சுற்றிப் பின்னியிருக்கும் தசை போன்ற செல்கள் சுருங்கிப் பிழிந்தால்தான் கீழே இறங்கும். எருமையின் பெரிய அறையில் இருபதில் ஒரு பங்கு அளவே தேங்கும். எருமை கறப்பவருக்குப் பொறுமை வேண்டும் என்பது அதனால்தான். வெள்ளாட்டுக்குக் கதை தலைகீழ். அதன் பாலில் பெரும்பகுதி கீழறையிலேயே நிற்பதால் குட்டி பக்கத்தில் இல்லாவிட்டாலும் கறந்துவிடலாம். மாடு பாலை அடக்கிக்கொண்டது என்று மாட்டுக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். உண்மையில் அது எதையும் அடக்குவதில்லை. பிழியச் சொல்லும் உத்தரவு மடிக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்த உத்தரவின் பெயர் ஆக்சிடோசின். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறிய மூலக்கூறு. மூளையின் அடியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ் பகுதியில் அது உருவாகிறது. உருவாக்குவது சுரப்பி செல்கள் இல்லை, அசல் நரம்பு செல்கள். மற்ற நரம்பு செல்களைப் போலவே அவற்றிலும் மின் துடிப்பு ஓடும், அவற்றுக்கும் நீண்ட இழை உண்டு. இழையின் முடிவில்தான் வேறுபாடு. சாதாரண நரம்பிழை இன்னொரு நரம்பிலோ தசையிலோ போய் முடியும். இவை மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பியின் பின்மடலுக்குள் இறங்கி, நுண்ணிய இரத்தக் குழாய்களின் ஓரத்தில் முடிகின்றன. மின் துடிப்பு அங்கே வந்தவுடன் இழை நுனி தன்னிடம் உள்ள ஆக்சிடோசினை இரத்தத்தில் கொட்டுகிறது. அதற்குப் பிறகு அது உடல் முழுவதும் சுற்றும் ஹார்மோன்.

ஆக, காம்பிலிருந்து தண்டுவடம் வழியாகவோ, கண்ணிலிருந்து மூளை வழியாகவோ ஹைப்போதலாமஸ் வரைக்கும் நரம்பு வழி. அங்கிருந்து மடி வரைக்கும் இரத்த வழி. நடுவில் நிற்கும் செல்லை எந்தப் பாடத்தில் சேர்ப்பது? பாடநூல் எழுதுபவர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்க்கிறார்கள். உடலுக்கு அந்தத் தலைவலி இல்லை.

இரண்டு பாடங்கள் பிறந்த கதை

இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்று பார்த்தால், அதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உடலை ஆள்வது நரம்புதான் என்ற எண்ணம் ஓங்கியிருந்தது. ரஷ்யாவில் பாவ்லோவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவு சிறுகுடலுக்கு வந்ததும் கணையம் நீர் சுரப்பது நரம்பு வழியாக நடக்கும் அனிச்சைச் செயல் என்பது அவருடைய முடிவு.

1902 ஜனவரியில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். மயக்கமூட்டிய நாயின் சிறுகுடலில் ஒரு துண்டைப் பிரித்து, அதற்கு வரும் நரம்புகள் அத்தனையையும் வெட்டினார்கள். இரத்தக் குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு அந்தத் துண்டுக்குள் அமிலம் விட்டார்கள். நரம்புத் தொடர்பே இல்லாத நிலையிலும் கணையம் சுரந்தது. உடனே குடலின் உட்சுவரைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி, அந்த நீரை நாயின் சிரையில் செலுத்தினார்கள். மறுபடியும் கணையம் சுரந்தது. சேதி இரத்தத்தில் போகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது. அந்தப் பொருளுக்கு செக்ரட்டின் என்று பெயரிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, இப்படி இரத்தத்தில் பயணம் செய்யும் சேதிப் பொருள்கள் அனைத்துக்கும் ஹார்மோன் என்ற பொதுப் பெயரை ஸ்டார்லிங் முன்வைத்தார். பாவ்லோவின் ஆய்வகத்திலும் சோதனை திரும்பச் செய்யப்பட்டது, முடிவு மாறவில்லை. அவர் ஒப்புக்கொண்டார்.

நரம்பு ஒரு பக்கம், ஹார்மோன் ஒரு பக்கம் என்ற சுவர் அன்றைக்கு எழும்பியது. அது முழுசாக நின்றது இருபது ஆண்டுகள்கூட இல்லை.

1921இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். முதல் இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த உப்புக் கரைசலை எடுத்து, நரம்பு தூண்டப்படாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு தன் நுனியில் ஒரு வேதிப்பொருளைக் கக்கித்தான் வேலை வாங்குகிறது என்பது அதனால் தெரிந்தது. நரம்பின் சேதியும் கடைசியில் இரசாயனம்தான் என்றான பிறகு, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பொருள் எவ்வளவு தூரம் போகிறது என்பதில் வந்து நிற்கிறது. நரம்பு நுனியிலிருந்து அடுத்த செல்லுக்கு ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. ஹார்மோனுக்கு உடல் முழுவதும்.

சுவரின் மறுபக்கத்தை உடைத்தவர் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஷாரர். 1928இல் மீனின் ஹைப்போதலாமஸை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுரப்பி செல்போல் துகள்கள் நிறைந்த நரம்பு செல்களைக் கண்டார். இவை நரம்பாக இருந்துகொண்டே சுரக்கின்றன என்றார். நரம்பு செல்லாவது, சுரப்பதாவது என்று பலர் நம்ப மறுத்தார்கள். 1949இல் வோல்ஃப்காங் பார்க்மன் ஒரு சாயத்தால் அந்தத் துகள்களை நிறமேற்றி, ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரியின் பின்மடல் வரைக்கும் அவை இழைகளின் வழியே தொடர்ச்சியாக இறங்குவதைக் காட்டிய பிறகே எதிர்ப்பு அடங்கியது. 1953இல் வின்சென்ட் டு விக்னோ ஆக்சிடோசினின் அமைப்பைக் கண்டறிந்து ஆய்வகத்திலேயே தயாரித்தும் காட்டினார்; இரண்டு ஆண்டுகளில் வேதியியல் நோபல் கிடைத்தது.

பாடநூல்கள் மட்டும் இன்னும் 1902இலேயே நிற்கின்றன.

பூனையும் காகிதப் பையும்

பால் இறங்குவது இரத்த வழியில்தான் என்பதை மாட்டிடமே நிரூபித்தவர்கள் அமெரிக்காவின் ஈலி, பீட்டர்சன் இருவரும். 1941இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் பசு மடியின் ஒரு பாதிக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டு, வழக்கமான முறையில் பசுவைக் கறவைக்குத் தயார் செய்தார்கள். இரண்டு பாதிகளிலும் பால் இறங்கியது. அடுத்ததாக அவர்கள் செய்தது கொஞ்சம் வேடிக்கையானது. கறக்கும் நேரத்தில் பசுவின் முதுகில் பூனையை ஏற்றிவிட்டார்கள், காகிதப் பைகளை ஊதிப் பக்கத்தில் வெடித்தார்கள். மிரண்ட பசுவிடம் பால் இறங்கவில்லை. மிரட்டாமல், பயத்தின்போது உடலில் சுரக்கும் அட்ரினலினை ஊசியாகப் போட்டாலும் அதே விளைவு.

மாட்டுக் கொட்டகையில் சத்தம் போடாதே, புது ஆள் பக்கத்தில் வராதே என்று பெரியவர்கள் அதட்டியதற்கு இதுதான் உடலியல். பயம் இரண்டு இடங்களில் கை வைக்கிறது. மூளையில் ஆக்சிடோசின் செல்கள் துடிப்பதைக் குறைக்கிறது. மடியில், ஆபத்து நேரத்தில் உடலை உசுப்பும் பரிவு நரம்பும் அட்ரினலினும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, வந்த கொஞ்ச ஆக்சிடோசினும் நுண்ணறைகளைத் தொட விடாமல் செய்கின்றன.

மனிதரிலும் இதுவே நடக்கிறதா? 1948இல் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்ற தம்பதியர் பாலூட்டும் தாய் ஒருவரிடம் பார்த்தார்கள். சில நாள்களில் அவரை நிம்மதியாகப் பாலூட்ட விட்டார்கள். சில நாள்களில் பாதங்களைப் பனிக்கட்டி நீரில் வைக்கச் செய்தும், கால் விரலை வலிக்க இழுத்தும், கணக்குகளை அடுக்கிக் கேட்டும் தொந்தரவு கொடுத்தார்கள். நிம்மதியான நாள்களில் குழந்தை குடித்தது சராசரியாக 168 கிராம். தொந்தரவு நாள்களில் 99 கிராம். தொந்தரவும் கொடுத்து, ஆக்சிடோசின் ஊசியும் போட்ட நாள்களில் 153 கிராம். ஒரே தாயிடம் செய்த சோதனைதான். இன்றைய அளவுகோலில் சின்ன ஆய்வு. ஆனாலும் அது சொன்ன சேதி நிலைத்துவிட்டது: தொந்தரவு பால் உற்பத்தியைத் தொடவில்லை, உற்பத்தியான பால் இறங்குவதைத் தடுத்தது.

பிரசவித்த வீடுகளில் இந்த வேறுபாடு தெரியாமல் போவதால் எத்தனை தாய்மார்கள் மனம் நொந்திருக்கிறார்கள்! குழந்தை வாய் வைத்து அழுகிறது, பாலே இல்லை என்று சுற்றி நிற்பவர்கள் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள், தாய் பதறுகிறாள், பதற்றத்தால் இறங்க வேண்டியதும் நின்றுவிடுகிறது, அடுத்த வேளைக்குப் பால் பவுடர் டப்பா வந்துவிடுகிறது. இதற்குப் பிறகு நடப்பது இன்னொரு ஹார்மோனின் கதை. பாலை உற்பத்தி செய்யச் சொல்வது பிட்யூட்டரியின் முன்மடலில் சுரக்கும் புரோலாக்டின். குழந்தை உறிஞ்சும்போதுதான் அது எகிறும். குழந்தைக்குப் புட்டி பழகி உறிஞ்சல் குறைந்தால், பாலே இல்லை என்ற அந்தப் பொய்த் தீர்ப்பு சில வாரங்களில் மெய்யாகிவிடும்.

புரோலாக்டின் ஆளப்படும் விதமும் கவனிக்கத் தக்கது. மற்ற முன்மடல் ஹார்மோன்களைச் சுரக்கச் சொல்லி ஹைப்போதலாமஸ் தூண்ட வேண்டியிருக்கிறது. புரோலாக்டினை மட்டும் அது டோபமைன் என்ற பொருளால் எப்போதும் அமுக்கி வைத்திருக்கிறது. குழந்தை உறிஞ்சினால் அமுக்கும் கை தளர்கிறது. வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியவை டோபமைனின் வேலையைத் தடுப்பதால், பிள்ளை பெறாத பெண்ணுக்கும் அரிதாக ஆணுக்கும்கூடப் பால் கசியலாம். மார்பில் கோளாறு என்று பயந்து வருபவரிடம் மருத்துவர் முதலில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதன் காரணம் இதுதான்.

நரம்பும் ஹார்மோனும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்க மார்பில் மட்டும் தொடர்ந்து பாலூட்டினால் மறு பக்கம் வற்றிவிடும். இரண்டு பக்கமும் ஓடுவது ஒரே இரத்தம், ஒரே புரோலாக்டின். தேங்கி நிற்கும் பால் அந்தந்தப் பக்கத்தின் உற்பத்தியைத் தானே மட்டுப்படுத்துகிறது. மேலிடத்தைக் கேட்காமல் திசுவே எடுக்கும் இத்தகைய முடிவுகள் உடலில் ஏராளம்.

ஊசியும் சட்டமும்

கன்றும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம் என்று நினைத்தவர்கள் ஆக்சிடோசின் ஊசிக்கு வந்தார்கள். அதற்கு முன்பே ஒரு கொடிய குறுக்கு வழி இருந்தது: பசுவின் பிறப்புறுப்புக்குள் காற்றை ஊதுவது. வட இந்தியாவில் அதற்கு ஃபூக்கா என்று பெயர். கன்று பிறக்கும்போது அந்தப் பாதை விரிவதை மூளைக்குச் சொல்லும் நரம்புகளை ஏமாற்றி ஆக்சிடோசினை வரவழைக்கும் வேலை அது. அறிவியல் பெயர் சூட்டுவதற்கு முன்பே மக்கள் அனிச்சைச் செயலைக் கண்டுபிடித்துவைத்திருந்தார்கள், கொடூரமாகப் பயன்படுத்தியும் வந்தார்கள். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு ஃபூக்காவைப் பெயர் சொல்லியே தண்டனைக்குரியதாக்குகிறது. விலங்குக்குத் தீங்கு செய்யும்படி ஊசி போட்டுப் பால் பெருக்குவதும் அதே பிரிவில் வருகிறது.

2018 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு படி மேலே போய், உள்நாட்டுப் பயன்பாட்டுக்கான ஆக்சிடோசினைத் தனியார் நிறுவனங்கள் தயாரிக்கவே தடை விதித்தது. தயாரிப்பு ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கையில் போகவிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. காரணம் மாட்டுத் தொழுவத்தில் இல்லை, பிரசவ அறையில் இருந்தது. பிள்ளை பிறந்தவுடன் கருப்பை இறுகிச் சுருங்காவிட்டால் தாய் இரத்தப் போக்கில் இறந்துவிடலாம்; அதைத் தடுக்க உலகம் முழுவதும் முதலில் கையில் எடுக்கும் மருந்து ஆக்சிடோசின்தான். மடியைப் பிழியும் அதே மூலக்கூறு கருப்பையையும் இறுக்குகிறது.

ஊசி போட்ட மாட்டுப் பாலைக் குடித்தால் சிறுமிகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்கள் என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிடோசின் பாலின ஹார்மோன் அல்ல. அது புரதத்தின் சிறு துண்டு. வயிற்றுக்குள் போனால் மற்ற புரதங்களைப் போலவே செரித்துவிடும். அதை மாத்திரையாக விழுங்கக் கொடுக்காமல் ஊசியாகப் போடுவதே அதனால்தான். ஊசியை எதிர்க்க மாட்டின் வேதனை ஒன்றே போதுமான காரணம். இல்லாத காரணத்தைச் சேர்த்தால் இருக்கிற காரணமும் எடுபடாமல் போகும்.

எதற்கு இரண்டு வழி?

வேகமான நரம்பிழையில் சேதி நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் ஓடும். இரத்தம் உடலை ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகிறது. நரம்பு, தான் தொடும் இடத்துக்கு மட்டும் சொல்லும். ஹார்மோன் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லும். ஆனால் ஏற்பி என்ற பூட்டு யாரிடம் இருக்கிறதோ அவர்கள்தான் கேட்பார்கள். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் கருப்பைத் தசையில் ஆக்சிடோசின் ஏற்பிகள் பல மடங்கு பெருகுகின்றன. சேதியின் அளவு கூடாமலே கேட்பவரின் காது கூர்மையாகிறது. ஹார்மோன் பற்றிய பேச்சில் சுரப்பியைப் பற்றியே பேசி, கேட்கும் திசுவை மறந்துவிடுவது பெரிய குறை என்பது என் எண்ணம். இரண்டாம் வகை நீரிழிவின் தொடக்கத்தில் பலருக்கு இன்சுலின் குறைவாக இருப்பதில்லை, அதிகமாகவே இருக்கிறது. கேட்க வேண்டிய தசையும் கல்லீரலும் கேட்பதில்லை.

இரு வழிகளும் சேர்ந்து ஓடும்போது எது எந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். அறுவை சிகிச்சை ஒன்று அதைத் தற்செயலாகப் பிரித்துக் காட்டுகிறது. இதய மாற்று சிகிச்சையில் இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கிறார்கள். நரம்புகளைத் தைக்க முடியாது. புதிய இதயம் நரம்பில்லாமல் துடிக்கிறது. அதைக் கட்டுப்படுத்தி வைக்கும் வேகஸ் நரம்பு இல்லாததால் ஓய்விலேயே நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். அந்த மனிதர் மாடிப்படி ஏறத் தொடங்கினால் நம்முடைய இதயம் முதல் படியிலேயே வேகம் கூட்டும், அவருடையது கூட்டாது. அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும், அப்போதுதான் துடிப்பு ஏறும். மாடிக்குப் போய் உட்கார்ந்த பிறகும் அட்ரினலின் கரையும்வரை குறையாது. எனவேதான் அவர்களை நடைப்பயிற்சிக்கு முன்னும் பின்னும் மெதுவாக உடலைப் பழக்கச் சொல்கிறார்கள். நரம்பு செய்வது என்ன, ஹார்மோன் செய்வது என்ன என்று இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் பார்க்க முடியாது. (ஆண்டுகள் போகப் போகச் சிலருக்கு நரம்புகள் ஓரளவு மீண்டும் முளைக்கின்றன.)

அட்ரினலின் தரும் அந்தச் சுரப்பியின் உள்பகுதியும் வேடமிட்ட நரம்பே. கருவில் நரம்பு செல்களாக மாறவிருந்த கூட்டத்திலிருந்து வந்தவை அதன் செல்கள். தண்டுவடத்திலிருந்து வரும் நரம்பிழை நேராக அவற்றில் முடிகிறது. இழை மட்டும் வளராமல், தங்கள் சரக்கை இரத்தத்தில் விடுகின்றன. ஹைப்போதலாமஸில் பார்த்த அதே ஏற்பாடு, உடலின் இன்னொரு மூலையில்.

எலியில் கிடைத்த ஒரு தகவலை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. எலிக் குட்டிகள் காம்பை விடாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பால் வருவது மட்டும் பல நிமிடங்களுக்கு ஒருமுறை. 1973இல் வேக்கர்லி, லிங்கன் இருவரும் தாய் எலியின் ஹைப்போதலாமஸில் நுண் மின்முனையை வைத்துக் கேட்டார்கள். ஆக்சிடோசின் செல்கள் பெரும்பாலான நேரம் மந்தமாகத் துடித்துக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் சேர்ந்து சில நொடிகள் வெறிபிடித்ததுபோல் துடித்தன. பதினைந்து நொடி அளவில் பால் இறங்கியது. மறுபடியும் அமைதி. ஹார்மோன் என்றால் குழாயில் சொட்டும் நீர்போல் சீராக வந்துகொண்டிருப்பது என்ற கற்பனையை இது கலைத்துவிடுகிறது. அது அலை அலையாக வருகிறது. பால் இறங்குவதற்கு மட்டுமல்ல, இனப்பெருக்க ஹார்மோன்களுக்கும் கார்ட்டிசாலுக்கும் வளர்ச்சி ஹார்மோனுக்கும் இது பொருந்தும்.

நிலைநிறுத்துவதும் மாற்றுவதும்

உடல் தன் உள்நிலையை மாறாமல் வைத்துக்கொள்கிறது என்ற எண்ணத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளாட் பெர்னார்ட் விதைத்தார், இருபதாம் நூற்றாண்டில் வால்ட்டர் கேனன் வளர்த்தார். பெரும்பாலும் சரிதான். இரத்தம் ஒரு சதவீதம் அளவுக்குக் கெட்டிப்பட்டாலே ஹைப்போதலாமஸ் அறிந்துகொள்ளும். ஆக்சிடோசினின் உடன்பிறப்பான வாசோபிரசின் சுரக்கும், சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், தாகமும் எடுக்கும். இரண்டு மூலக்கூறுகளுக்கும் ஒன்பதில் இரண்டு அமினோ அமிலங்களே வேறுபாடு. மது வாசோபிரசினைத் தடுக்கிறது. குடித்தவர் அடிக்கடி சிறுநீர் கழித்து, காலையில் நாவறண்டு எழுவது அதனால்தான்.

ஆனால் மாறாமல் வைத்திருப்பதே உடலின் ஒரே குறிக்கோள் என்று எடுத்துக்கொண்டால் பிரசவத்தை விளக்க முடியாது. குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்துகிறது, நரம்பு மூளைக்குச் சொல்கிறது, ஆக்சிடோசின் வருகிறது, கருப்பை இறுகுகிறது, தலை இன்னும் அழுத்துகிறது, இன்னும் ஆக்சிடோசின். தணிக்க வேண்டிய வளையம் இங்கே தூண்டிக்கொண்டே போகிறது, குழந்தை வெளியே வந்த பின்புதான் அறுபடுகிறது. காய்ச்சலும் அப்படி ஒரு திட்டமிட்ட மாற்றம். 39 டிகிரி செல்சியஸ் என்று ஹைப்போதலாமஸ் இலக்கை உயர்த்திவிட்டால், 37இல் இருக்கும் உடலுக்குக் குளிர்கிறது, நடுங்கி வெப்பத்தைச் சேர்க்கிறது. கர்ப்பிணியின் உடல் இரத்தத்தின் அடர்த்திக்கான இலக்கையே கீழே இறக்கிக்கொண்டு மாதக்கணக்கில் அங்கேயே நிற்கிறது.

ஒரு தாளில் அச்சான எண்

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று இணையத்தில் விற்கப்படும் 'ஹார்மோன் சமநிலை' பொடிகளையும் பானங்களையும் பாருங்கள். எந்த ஹார்மோன், எந்த நேரத்தில், எந்தத் திசுவுக்கு என்ற கேள்விக்கு அந்த விளம்பரங்களில் இடமில்லை. கார்ட்டிசால் விடியலில் உச்சத்துக்குப் போய் நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வரும். அதிகம், குறைவு என்று சொல்ல முதலில் மணி என்ன என்று தெரிய வேண்டும். ஆக்சிடோசின் இரத்தத்தில் தங்குவதே சில நிமிடங்கள். அதை 'அன்பு ஹார்மோன்' என்று சொல்லி, நாளுக்கு இத்தனை முறை கட்டிப்பிடியுங்கள் என்று கணக்கு சொல்பவர்கள், பூனை ஏறிய பசுவை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நம்மில் பலருக்குக் கையில் கிடைக்கும் ஹார்மோன் சீட்டு தைராய்டு சோதனை முடிவுதான். அதில் முதலில் பார்க்கப்படும் டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பது அல்ல, தைராய்டை வேலை வாங்கப் பிட்யூட்டரி சுரப்பது. பிட்யூட்டரியின் முன்மடலை ஹைப்போதலாமஸ் சிறிய இரத்தக் குழாய்கள் வழியாகவே ஆள்கிறது என்பதை ஜெஃப்ரி ஹாரிஸ் பல ஆண்டுகள் போராடி நிறுவினார். அந்த வழியில் வரும் முதல் சேதிப் பொருளைப் பிரித்தெடுக்க கில்மின், ஷாலி இருவரும் போட்டி போட்டுக்கொண்டு லட்சக்கணக்கான செம்மறி ஆடுகள், பன்றிகளின் மூளைத் துணுக்குகளை அரைத்தார்கள். 1969இல் அமைப்பு வெளியானபோது அதில் இருந்தவை மூன்றே அமினோ அமிலங்கள். 1977இல் நோபல். அந்தச் சேதிப் பொருள் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி டி.எஸ்.எச். மூலம் தைராய்டுக்குச் சொல்ல, தைராய்டு தரும் டி4 என்ற ஹார்மோன் திரும்ப வந்து ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி இரண்டையும் தணிக்கிறது.

இந்த வளையத்தால்தான் டி.எஸ்.எச். அவ்வளவு கூர்மையான அளவுகோலாக இருக்கிறது. டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். நூறு மடங்கு வரைக்கும் ஏறும். தைராய்டு சற்றே தளர்ந்திருக்கும்போது டி4 எண் இயல்பான எல்லைக்குள்ளேயே இருக்கலாம், டி.எஸ்.எச். மட்டும் கத்திக்கொண்டிருக்கும். மாறாக, பிட்யூட்டரியே பழுதுபட்டிருந்தால் டி4 குறைந்தும் டி.எஸ்.எச். ஏறாது, டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லிவிடும் ஆபத்து அங்கே உண்டு.

அந்தக் கூர்மைக்குப் பொறுமையும் வேண்டும். டி4 இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு வாரம் எடுக்கும் நிதானமான ஹார்மோன். மாத்திரையின் அளவை மாற்றினால் அது புதிய மட்டத்தில் நிலைபெற ஐந்தாறு வாரங்கள் ஆகும், பிட்யூட்டரி அதற்கேற்ப அடங்க அதற்கும் மேல். மருத்துவர் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுசோதனைக்கு வரச் சொல்வது இந்தக் கணக்கில்தான். பத்தாம் நாளே அவசரப்பட்டு ஆய்வகத்துக்குப் போனால் கிடைப்பது பழைய அளவும் புதிய அளவும் கலந்த ஓர் எண். அதை வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.